ஐம்பத்திரண்டு டிகிரியில் ஆறு மணி நேரம்

முட்டை வேகவைத்தவர்கள் எல்லோருக்கும் நான் சொல்லப்போவதில் பாதி ஏற்கனவே தெரியும். வெள்ளைக்கரு என்பது தண்ணீரில் கரைந்த புரதம். ஒவ்வொரு புரதமும் ஒரு நீண்ட நூல். அது தனக்கே உரிய விதத்தில் மடிந்து சுருண்டு ஒரு வடிவத்தில் இருக்கிறது. சூடு ஏறினால் மடிப்புகள் அவிழ்கின்றன. அவிழ்ந்த நூல்கள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. வெளியே எதுவும் போவதில்லை, உள்ளே எதுவும் சேர்வதில்லை, எடைகூட மாறுவதில்லை. வடிவம் மட்டும் போய்விடுகிறது. ஆறவைத்தால் திரும்பி வராது.

நேற்று விசாரணை அறையில் இதைத்தான் சொல்ல ஆரம்பித்தேன். நீங்கள் பேனாவை மூடி வைத்துவிட்டு, "சார், விஷயத்துக்கு வாங்க" என்றீர்கள். விஷயமே இதுதான் மேடம். வாயால் சொன்னால் நடுவில் நிறுத்துகிறீர்கள் என்பதால் தாள் கேட்டு வாங்கி எழுதுகிறேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. தேநீர்கூடக் கொடுத்தார்கள்.

நான் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றின் ஆராய்ச்சிப் பிரிவில் மருந்து கலப்பவன். அதற்கு முன்பு பதினான்கு ஆண்டுகள் ஓர் ஆய்வுக்கூடத்தில் நொதிகளைப் பிரித்தெடுத்து, சுத்தம் செய்து, அளந்து பார்த்தவன். மருத்துவமனையில் எனக்கு 'விளக்கம்' என்று பட்டப்பெயர். தலைவலி மாத்திரை கேட்டால், தலை ஏன் வலிக்கிறது என்று நான் சொல்லி முடிப்பதற்குள் வலி போய்விடும் என்று செவிலியர் அக்கா எல்லோரிடமும் சொல்வார். எனக்கு அதில் வருத்தமில்லை. ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டவனால் அதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

நோயைச் சொல்கிறேன். நம் உடம்பின் செல்களுக்குள் லைசோசோம் என்ற சின்னச் சின்னப் பைகள் இருக்கின்றன. பழையதும் உடைந்ததும் அங்கே வந்து சேரும். அங்கிருக்கும் நொதிகள் அவற்றைத் துண்டு துண்டாக வெட்டி, மறுபடி பயன்படும்படி வெளியே அனுப்பும். பல வகைக் கத்தரிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கத்தரியும் ஒரே வகை முடிச்சைத்தான் வெட்டும். பிறவியிலேயே ஒரு கத்தரி இல்லாமல் போனால், அது வெட்ட வேண்டியது மட்டும் வெட்டுப்படாமல் தேங்கிக்கொண்டே போகும். விரல்கள் மடங்கிய நிலையில் இறுகும். வளர்ச்சி நிற்கும். கல்லீரல் வீங்கும். மூச்சுக்குழாயின் சுவர் தடித்து வழி குறுகும். நான் சொல்லும் வகையில் மூளை மட்டும் தப்பிவிடுகிறது. அதாவது, நடப்பதெல்லாம் குழந்தைக்குத் தெரியும்.

மருத்துவம், எண்ணத்தளவில் மிக எளியது. இல்லாத கத்தரியை வெளியில் தயாரித்து இரத்தத்தில் செலுத்துவது. வாரம் ஒரு முறை, நான்கு மணி நேரம், சொட்டுச் சொட்டாக. இரத்தத்தில் விட்டது செல்லுக்குள் இருக்கும் பைக்கு எப்படிப் போய்ச் சேரும் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். நொதியின் மேல் ஒரு சர்க்கரைத் துணுக்கு ஒட்டியிருக்கிறது. அந்தத் துணுக்கை அடையாளம் கண்டு உள்ளே இழுத்துக்கொள்ளும் ஏற்பாடு செல்லின் மேற்பரப்பிலேயே இருக்கிறது. இரட்டைக் குழந்தைகளின் அப்பாவுக்கு இதை ஒரே நிமிடத்தில் புரியவைத்தேன். அவர் தபால் பிரிக்கும் வேலை பார்ப்பவர்.

"அப்போ அந்தச் சர்க்கரைதான் விலாசம்னு சொல்லுங்க."

"அதேதான்."

"விலாசம் சரியா இருந்து, வீடு பூட்டியிருந்தா?"

"இந்த வீடு பூட்டாது. இருபத்துநாலு மணி நேரமும் திறந்தே இருக்கும்."

"எங்க ஆபீஸ விட நல்லாத்தான் நடக்குது" என்று சிரித்தார். பக்கத்தில் நின்ற அம்மா சிரிக்கவில்லை. என்னிடம் பேசாமல் கணவரிடம் சொன்னார்: "பிள்ளைங்க ரெண்டும் நடக்குமா, உயிரோட இருக்குமா, அத மட்டும் கேளுங்க."

இரண்டு பெண்கள், ஒன்பது வயது. ஒரே கரு இரண்டாகப் பிரிந்தது. மரபணுவில் எழுத்துக்கு எழுத்து ஒன்று. பதினோரு நிமிட இடைவெளியை வைத்து வீட்டில் ஒருத்தி பெரியவள், இன்னொருத்தி சின்னவள். உயரம் இருவருக்கும் தொண்ணூற்று மூன்று சென்டிமீட்டர்.

இந்த நோயில் முன்னேற்றத்தை அளப்பது ஆறு நிமிட நடையை வைத்து. முப்பது மீட்டர் தாழ்வாரம், இரு முனையிலும் ஆரஞ்சு நிறக் கூம்பு, ஆறு நிமிடத்தில் எத்தனை மீட்டர் என்று கணக்கு. அதில் ஓர் அழகான விதி உண்டு. நடக்கவைப்பவர் தன் இஷ்டத்துக்கு உற்சாகப்படுத்தக் கூடாது. அட்டையில் அச்சிட்ட வாக்கியங்களை மட்டும், நிமிடத்துக்கு ஒன்றாக, ஏற்ற இறக்கமில்லாமல் சொல்ல வேண்டும். உற்சாகமும் ஒரு மருந்துதான். ஆளுக்கு ஓர் அளவில் கொடுத்தால் கணக்குக் கெடும். எங்கள் உடற்பயிற்சியாளருக்கு 'கண்டக்டர்' என்று பெயர் வைத்திருந்தோம். "நல்லா நடக்கறீங்க, இன்னும் நாலு நிமிஷம் இருக்கு" என்பதை அடுத்த நிறுத்தத்தைச் சொல்வது போலவே சொல்வார். முதல் நாள் பெரியவள் இருநூற்றுப் பதினான்கு மீட்டர் நடந்தாள். சின்னவள் இருநூற்றுப் பதினேழு.

இந்த மருந்தைச் சோதிக்கும் எங்கள் ஆய்வில் ஒரு குறை இருந்தது. குறை என்னுடையதல்ல. இருபத்திரண்டு குழந்தைகள், இருபத்திரண்டு பேருக்கும் மருந்து. சாகப்போகும் குழந்தைக்கு வெறும் உப்பு நீரை ஏற்றி ஒப்பிட்டுப் பார்ப்பது அறமல்ல என்று நெறிமுறைக் குழு சொல்லிவிட்டது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்பது வயதுக் குழந்தை சும்மா இருந்தாலும் கொஞ்சம் மாறும். ஒரு வருடம் கழித்து அது நாற்பது மீட்டர் கூடுதலாக நடந்தால், காரணம் மருந்தா, வயதா, அப்பா வாங்கித் தந்த புதுச் செருப்பா? என் பழைய ஆய்வுக்கூடத்தில் நாங்கள் தயாரித்த நொதி இப்படித்தான் அழிந்தது. பதினாறு குழந்தைகள் முன்னேறினார்கள். ஒப்பிட ஆளில்லை. 'நிரூபிக்கப்படவில்லை' என்று ஒரு வரி எழுதி மருந்தை நிறுத்தினார்கள். அந்தப் பதினாறு பேரில் இன்று மூன்று பேர் இருக்கிறார்கள். அதற்கு யாரும் வழக்குப் பதிவு செய்யவில்லை.

நொதி வேலைக்குப் புதிதாக வருபவர்கள் முதல் நாளிலேயே ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொள்வார்கள். எந்தச் சோதனைக்கும் இரண்டு குழாய். ஒன்றில் நொதி. மற்றதில் இருப்பது தண்ணீர் அல்ல, சூட்டில் செயலிழந்த அதே நொதி. அதே பொருள், அதே அளவு, அதே உப்பு. வேலை மட்டும் செய்யாது. அப்போதுதான் இரண்டுக்கும் நடுவில் தெரிகிற வித்தியாசம் நொதியின் வேலையால் வந்தது என்று அடித்துச் சொல்லலாம். செயலிழந்த குழாய் பக்கத்தில் இல்லாத எந்த முடிவையும் நான் நம்பியதில்லை.

பதிவுக்கு வந்த நாளில் அந்த இரட்டையர் இருவரும் தாழ்வாரப் பெஞ்சில் ஒரே நிறச் சட்டையில், தரைக்கு எட்டாத கால்களைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு முதலில் தோன்றியது, இரண்டு குழாய்கள்.

முறையைச் சொல்கிறேன், இதில் நான் கொஞ்சம் உழைத்திருக்கிறேன். ஒவ்வொரு வாரமும் குழந்தையின் எண் ஒட்டிய புட்டிகள் என் குளிர்பெட்டிக்கு வரும். புதன்கிழமை காலை அவற்றைத் திறந்து உப்பு நீர்ப் பையில் சேர்த்துக் கொடுப்பேன். குலுக்கக் கூடாது, மெல்லச் சாய்த்துச் சாய்த்துக் கலக்க வேண்டும். நுரைத்தாலும் புரதம் கெடும். அக்கா ஒவ்வொரு பையையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த பிறகுதான் மாட்டுவார். எனவே பை தெளிவாக இருக்க வேண்டும். காலாவதியான புட்டிகளை வைத்து இரண்டு வாரம் முயன்றேன். வெந்நீர்த் தொட்டியில் அறுபது டிகிரியில் வைத்தால் பால்போல் ஆகிவிட்டது. ஐம்பத்தைந்தில் லேசாக மூடுபனி. ஐம்பத்திரண்டு டிகிரியில் ஆறு மணி நேரம் வைத்தால் கண்ணாடி போலத் தெளிவு, வேலை பூஜ்யம்.

பூஜ்யம் என்று எப்படித் தெரியும்? நொதி வெட்டினால் மட்டும் ஒளிரும் சாயம் ஒன்று உண்டு. புற ஊதா விளக்கின் கீழே வைத்தால் நீலமாகத் தெரியும். ஒவ்வொரு புதன்கிழமையும் இரண்டு பைகளிலிருந்தும் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தேன். பெரியவளுடையது நீலமாக எரிந்தது. சின்னவளுடையது இருட்டாகவே இருந்தது. தேதி போட்டு எழுதிய நோட்டு உங்களிடம் இருக்கிறது. கையெழுத்து சுமார்தான், எண்கள் சரியானவை.

இரத்தம், சிறுநீர் முடிவுகள் எல்லாம் ஆய்வு முடியும்வரை எங்கள் மருத்துவமனைக்குத் தெரியாது, அது விதி. எங்களுக்குத் தெரிந்தது நடை மட்டும். இருபத்துநான்காவது வாரம் பெரியவள் இருநூற்று அறுபத்திரண்டு, சின்னவள் இருநூற்று மூன்று.

டாக்டர் குழம்பிப்போனார். "ரெண்டும் ஒரே அச்சு. ஒண்ணு மாடிப்படி ஏறுது, ஒண்ணு கட்டில விட்டு எழுந்திருக்கவே யோசிக்குது. நீங்க என்ன நினைக்கறீங்க விளக்கம் சார்?"

"சில உடம்பு அப்படித்தான் டாக்டர்."

"இவ்வளவுதானா? உங்ககிட்ட கேட்டா ஒரு மணி நேரம் சொல்லுவீங்கன்னு நெனச்சேன்."

அம்மாவிடம் வேறு காரணம் இருந்தது. சின்னவள் சோம்பேறி என்று அவர் முடிவு கட்டியிருந்தார்.

"உங்க ரெண்டு பேருக்கும் ஒரே மருந்துதானடி ஏத்துறாங்க? அவ நடக்கலையா? உனக்கு மட்டும் என்ன வந்துச்சு?"

"கால் வலிக்குதும்மா."

"அவளுக்கும்தான் வலிச்சுது. அவ உன்ன மாதிரி அழுது ஊரக் கூட்டினாளா?"

"நான் எங்கம்மா அழறேன்? நீதான் அழற."

மருந்து அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் இருந்தேன். சிறுமி சொன்னது சரி. அழுதுகொண்டிருந்தது அம்மாதான்.

முப்பதாவது வாரத்துக்குப் பிறகு இரண்டு சிக்கல்கள் வந்தன. முதலாவது, சின்னவள் தானாகவே பயிற்சி எடுக்க ஆரம்பித்தாள். சீக்கிரமே வந்து, கூம்பு வைக்காத தாழ்வாரத்தில், சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்டக்டரின் வாக்கியங்களைத் தனக்குத் தானே சொல்லியபடி நடப்பாள். "நல்லா நடக்கறீங்க. இன்னும் மூணு நிமிஷம் இருக்கு." அக்கா மருந்து அறைக்குள் வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குக் கவலை வேறு. பயிற்சியால் பத்து மீட்டர் கூடினாலும் ஒப்பீடு பாழ். தேர்வுக்கு முன் ஒத்திகை பார்ப்பது விதிக்குப் புறம்பு என்று கண்டக்டருக்கு நினைவுபடுத்தினேன். அவர் விதி தவறாதவர். சக்கர நாற்காலியைக் கொண்டுவந்து அவளை உட்காரவைத்தார்.

"அப்ப நான் எப்பதான் நடக்கறது?"

"புதன்கிழமை. ஆறு நிமிஷம்" என்றார். அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார்.

இரண்டாவது சிக்கல் பெரியவளால் வந்தது. முப்பத்தாறாவது வாரம் அவளுடைய நடை இருநூற்று இருபத்தாறுக்கு இறங்கியது. எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள்தான் அக்கா சொன்னார், தங்கைக்காக அவள் வேண்டுமென்றே மெதுவாக நடக்கிறாள் என்று. சின்னவளே அவளைத் திட்டியிருக்கிறாள்: "நீ வேகமாப் போடி. எனக்காக ஆமை வேஷம் போடாத. கேவலமா இருக்கு." இருவரையும் தனித்தனியாக, ஒருவர் நடப்பது இன்னொருவருக்குத் தெரியாதபடி நடக்கவைக்கலாம் என்று நான் யோசனை சொன்னேன். கனிவான யோசனை என்று டாக்டர் பாராட்டினார். நாற்பத்தெட்டாவது வாரம் பெரியவள் முந்நூற்றுப் பதினொன்று, சின்னவள் நூற்று அறுபத்தெட்டு. இவ்வளவு சுத்தமான வித்தியாசத்தை நான் கண்ணாடிக் குழாயில்கூடப் பார்த்ததில்லை.

அவளை அப்படியே விட்டுவிடும் எண்ணம் எனக்கு இல்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அறுபது வாரம் முடிந்ததும் அவளுக்கும் உயிருள்ள மருந்தைக் கொடுத்து, அவளுடைய கோடு மேலே ஏறுவதைப் பார்ப்பதுதான் திட்டம். இறங்கிய கோடு மருந்து பட்டதும் ஏறினால் அதற்கு மேல் சாட்சியே வேண்டியதில்லை.

நான் செய்த தவறு இங்கேதான். குழாயில் இருக்கும்போது கெட்ட நொதி ஒன்றும் செய்யாது. உடம்பு குழாய் அல்ல. வடிவம் கெட்டுக் கொத்தாகச் சிக்கிய புரதம், கண்ணுக்குத் தெரியாத அளவில் இருந்தாலும், உடம்பின் காவல் ஏற்பாட்டுக்குக் கிருமி போலத் தெரியும். அது விழித்துக்கொண்டு எதிர்ப்பொருள் தயாரிக்கும், நினைவில் வைத்துக்கொள்ளும். சின்னவளுக்கு நடுநடுவே தோலில் தடிப்பு வந்து மாத்திரையில் அடங்கியது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒன்றும் செய்யாத பொருளைக் கொடுப்பதாக நினைத்துக்கொண்டு, அவளுடைய மருந்தே அவளுக்கு எதிரி என்று அறுபது வாரம் அந்த உடம்புக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். தடுப்பூசி வேலை பார்க்கும் எவரும் முதல் நாளே சிரித்திருப்பார். நொதிக்காரனுக்கு மட்டும்தான் இது தோன்றாது.

அறுபத்தோராவது வாரம், உயிருள்ள மருந்தின் முதல் சொட்டு தொடங்கி இருபத்தைந்தாவது நிமிடம், சின்னவளின் உதடு வீங்கியது. "அக்கா, தொண்டைல ஏதோ இருக்கு" என்றாள். அக்கா குழாயை அடைத்து ஊசி போட்டார். அரை மணியில் சரியானது. டாக்டர் நேராக என்னிடம் வந்தார்.

"பேட்ச் மாறிச்சா?"

"இல்ல டாக்டர், அதே பேட்ச்."

"கலக்கறப்ப ஏதாவது?"

"பெரியவளுக்கு எப்படிக் கலப்பேனோ அதே மாதிரிதான் கலந்தேன்."

ஒவ்வொரு சொல்லும் உண்மை. அறுபது முறை பெரிய தொந்தரவு இல்லாமல் ஏறிய மருந்து என்பதால், சளித் தொற்று ஏதாவது சேர்ந்துகொண்டிருக்கும் என்று டாக்டர் முடிவு செய்தார். அடுத்த வாரம் ஒவ்வாமையைத் தடுக்கும் முன்மருந்து கொடுத்து, பாதி வேகத்தில் ஏற்றலாம் என்றார். அவருக்குத் தெரிந்ததை வைத்துப் பார்த்தால் அது நல்ல முடிவு.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து மூன்று கட்டுரைகள் படித்தேன். என்ன நடந்திருக்கிறது என்று மாலைக்குள் புரிந்துவிட்டது. என் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. டாக்டரிடம் ஒரு வாக்கியம் சொல்லலாம். சொன்னால் அவர் எதிர்ப்பை அடக்கும் மருந்துகளைக் கொடுத்து, ஆறு மாதமானாலும் அவளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கியிருப்பார். அல்லது செவ்வாய்க்கிழமை வழக்கம்போல வெந்நீர்த் தொட்டியைப் போடலாம். அவளுக்குத் தடிப்பு மட்டும் வந்து போயிருக்கும். மூன்றாவது வழி, உயிருள்ள மருந்தையே மறுபடியும் கொடுப்பது. ஒரு புள்ளியை வைத்துக் கோடு போட முடியாது. மூன்றாவதைச் செய்தேன்.

பாதி வேகத்திலும் பத்தொன்பது நிமிடம்தான் ஆனது. இந்த நோயில் மூச்சுக்குழாய் ஏற்கனவே குறுகியிருக்கும் என்று சொன்னேன். மயக்க மருந்து நிபுணர் நான்கு முறை முயன்றும் மூச்சுக்கான குழாய் தொண்டைக்குள் இறங்கவில்லை. அம்மா வெளியே நின்று, "அவள நான் திட்டினேன், திட்டினேன்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். திரைக்கு அந்தப் பக்கக் கட்டிலில் இருந்த பெரியவளின் சொட்டை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. அவளுக்கு அன்று முழு அளவும் ஏறியது. அந்த வாரக் கணக்கில் பழுதில்லை.

மீதிப் பையைச் சோதனைக்கு அனுப்பினார்கள். மருந்து மிகச் சரியாக இருந்தது என்று அறிக்கை வந்தது. அது எனக்குத் தெரியும். மருந்தே குழந்தையைக் கொன்றது என்று முடிவாகி ஆய்வு நிறுத்தப்பட்டது. ஒன்பது வாரமாக இருபத்தொரு குழந்தைகளுக்கும் சொட்டு இல்லை. பெரியவள் போன வாரம் இருநூற்று எண்பது மீட்டர்தான் நடந்தாள் என்று கண்டக்டர் சொன்னார். அதனால்தான் நானாக உங்களிடம் வந்தேன். மருந்து சின்னவளைக் கொல்லவில்லை. நான் கொன்றேன். மருந்து வேலை செய்கிறது. முந்நூற்றுப் பதினொன்றும் நூற்று அறுபத்தெட்டும் அதற்குச் சாட்சி. நோட்டை ஆய்வுக் குழுவிடம் சேர்த்துவிடுங்கள்.

நேற்று கிளம்பும்போது நீங்கள் கேட்ட ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. இரண்டு பேரில் ஏன் சின்னவள்?

முதல் சொட்டுக்கு முந்தைய வாரம் இருவரையும் மருந்து அறைக்கு அழைத்து, விளக்கை அணைத்து, அந்த நீல ஒளியைக் காட்டினேன். பெரியவள் மூக்கு குழாயில் இடிக்கும்வரை குனிந்து, "மாமா, உள்ள யாரு லைட் போட்டது?" என்று கேட்டாள். சொன்னேன். அதற்கு மேல் கேட்டாள். அதையும் சொன்னேன். சின்னவள் கதவில் சாய்ந்து நின்றாள். "இவளுக்கு ட்யூப்லைட் எரிஞ்சாலும் ஆச்சரியம்தான். மாமா, இன்னும் எவ்வளவு நேரம் சொல்லுவீங்க? எனக்குத் தூக்கம் வருது" என்று கொட்டாவி விட்டாள். குழந்தைதானே. நானும் சிரித்தேன்.

தேர்வை என் கையில் வைத்துக்கொள்ளவில்லை. பகடையை உருட்டினேன். ஒற்றைப்படை விழுந்தால் சூடுபடுத்தியது பெரியவளுக்கு, இரட்டைப்படை என்றால் சின்னவளுக்கு. யாருடைய விருப்பு வெறுப்புக்கும் இடமில்லாத முறை. முதலில் மூன்று விழுந்தது. பகடை பேனா ஸ்டாண்டில் இடித்திருந்ததால் அதைச் சேர்க்கவில்லை. அடுத்து ஒன்று. மேசை சமமாக இல்லை என்று அப்போதுதான் கவனித்தேன். தரையில் உருட்டினேன், ஐந்து. தரையிலும் லேசான சரிவு இருந்திருக்கலாம். நான்காவது முறை நான்கு விழுந்தது. எது விழுந்தாலும் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்வது என்று முன்கூட்டியே தீர்மானித்திருந்ததால், ஏற்றுக்கொண்டேன்.